முகூர்த்தத்துக்கு முன் பதினைந்து நிமிடம்: மணப்பெண் போர்ட்ரெய்ட் எடுக்கவும் எடிட் செய்யவும் முழுமையான வழிகாட்டி

கல்யாண போட்டோகிராபி கற்றுக்கொள்ள வருபவர்கள் முதலில் கேட்பது "எந்த லென்ஸ் வாங்கலாம்?" என்றுதான். நானும் அதைத்தான் கேட்டேன். லைட் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு இரண்டு சீசன் அசிஸ்டென்டாக அலைந்த பிறகுதான் பிரச்சினை லென்ஸில் இல்லை, கடிகாரத்தில் இருக்கிறது என்று புரிந்தது. மணப்பெண்ணைத் தனியாக நிறுத்தி எடுக்க நமக்குக் கிடைப்பது பத்து நிமிடம், மிஞ்சினால் பதினைந்து. அதற்குள் பியூட்டீஷியன் "பூ மட்டும் வச்சிடறேன்" என்பார், அத்தை காபியோடு வருவார், பெரியம்மா பேரனைத் தூக்கிவந்து பெண்ணின் மடியில் உட்கார வைப்பார், மேடையிலிருந்து ஐயர் "பொண்ணை அழைச்சுண்டு வாங்கோ" என்று மைக்கில் சொல்லிவிடுவார். அந்த நேரத்தில் யோசிக்க ஆரம்பித்தால் படம் கிடைக்காது. வெளிச்சம் எங்கிருந்து வர வேண்டும், பெண் எங்கே நிற்க வேண்டும், முதல் படம் எது என்பதெல்லாம் அவர் எழுந்து வருவதற்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

இங்கே நான் எழுதுவது தமிழ்நாட்டு இந்துக் கல்யாணத்தை வைத்து: பட்டுப்புடவை, பூ ஜடை, விடியற்காலை முகூர்த்தம், மண்டபத்து மணமகள் அறை. சர்ச் கல்யாணத்து வெள்ளை கவுனுக்கு வெளிச்சக் கணக்கே வேறு.

ஆடியில் தொடங்குங்கள்

ஆடியில் பெரும்பாலும் கல்யாணம் இருக்காது. மார்கழியிலும் இருக்காது. ஸ்டுடியோக்காரர்கள் கேமராவைச் சர்வீஸுக்குக் கொடுக்கும் இந்த மாதங்கள்தான் கற்றுக்கொள்பவருக்குக் கை பழகும் காலம். அக்கா, தங்கை, சித்தி மகள் என்று யாராவது ஒருவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டுப்புடவை கட்டிவரச் சொல்லுங்கள். ஒரு ஜிமிக்கியும் இரண்டு முழம் மல்லிகைப்பூவும் போதும். நாலு நல்ல பிரிண்ட் போட்டுக் கொடுத்தால் அடுத்த ஞாயிறும் வருவார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையில் மூன்று காரியம் செய்யுங்கள். ஒன்று, வீட்டின் ஒரே ஜன்னல் பக்கத்தில் அவரை நிறுத்தி, முகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பச் சொல்லி ஒவ்வொரு நிலைக்கும் ஒரு படம். மூக்கின் நிழல் கன்னத்தில் எங்கே விழுகிறது என்பதை மட்டும் பாருங்கள். இரண்டு, அரக்குச் சிவப்பு, மாம்பழ மஞ்சள், மயில் கழுத்து என்று மூன்று புடவைகளை அதே இடத்தில் வைத்து எடுங்கள். மயில் கழுத்து நிறத்தில் பாவு நூல் ஒரு நிறம், ஊடு நூல் வேறு நிறம்; அதனால் ஆள் திரும்பும்போதே புடவை பச்சையிலிருந்து நீலத்துக்குப் போகும். எந்தக் கோணத்தில் எந்த நிறம் வருகிறது என்று முன்பே தெரிந்திருந்தால் கல்யாணத்தன்று முழிக்க வேண்டியதில்லை. மூன்றாவது, கைபேசியில் பத்து நிமிட அலாரம் வைத்துவிட்டு அதற்குள் முழு உருவம், இடுப்பு வரை, முகம், ஜடை, கை என்று ஐந்தும் எடுத்து முடிப்பது. முதல் தடவை யாருக்கும் முடியாது.

பையில் என்ன இருக்க வேண்டும்

கடன் வாங்கி பெரிய கேமரா வாங்காதீர்கள். கிராப் சென்சார் (ஃபுல் ஃபிரேமைவிடச் சின்ன சென்சார்) கேமரா ஒன்றும் 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸும் போதும். எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் திறப்பு பெரிதாகும், கூர்மையாக விழும் ஆழம் குறையும். கிராப்பில் அந்த 50, ஏறக்குறைய 75 அல்லது 80 எம்எம் போலப் பார்க்கும். முகத்துக்கு அது நல்ல தூரம். முழு உருவத்துக்குக் கேமராவோடு வந்த கிட் லென்ஸே போதும். அதன் அகலமான முனையில் முகத்தை நெருங்கி எடுத்தால் மூக்கு முன்னால் வந்துவிடும். அதை மட்டும் செய்ய வேண்டாம்.

ஒரு ஃப்ளாஷ், அதைக் கேமராவிலிருந்து தள்ளி வைத்து இயக்க ஒரு ட்ரிகர், ஒரு லைட் ஸ்டாண்ட். ஸ்டேஷனரி கடையில் இரண்டு தெர்மாகோல் ஷீட். ஒரு வெள்ளை வேட்டி, கரை மெல்லியதாக. இரண்டு மெமரி கார்டு, இரண்டு பேட்டரி. இதோடு நான் ஒரு சின்ன டப்பா வைத்திருக்கிறேன்: சேஃப்டி பின், ஹேர்பின், டிஷ்யூ, ஒரு அட்டை ஸ்டிக்கர் பொட்டு. அந்த டப்பா எனக்கு வாங்கித் தந்த நல்ல பெயரை எந்த லென்ஸும் வாங்கித் தரவில்லை.

எஃப் 1.8 பற்றி ஒரு எச்சரிக்கை. கிராப் கேமராவில் 50 எம்எம் லென்ஸை எஃப் 1.8-இல் வைத்து ஒரு மீட்டர் தூரத்திலிருந்து முகத்தை எடுத்தால் கூர்மையாக விழும் ஆழம் சுமார் 3 சென்டிமீட்டர்தான். ஃபோகஸ் கண்ணில் விழுந்தால் மூக்குத்தி மங்கும். மூக்குத்தியில் விழுந்தால் கண் போய்விடும். ஜிமிக்கி கேட்கவே வேண்டாம், மஞ்சள் புகையாகத் தெரியும். மணப்பெண் படத்தில் நகையும் சேர்ந்துதான் முகம். ஒன்றரை மீட்டர் பின்னால் நின்று எஃப் 4 வையுங்கள். ஆழம் சுமார் 14 சென்டிமீட்டர் கிடைக்கும். நெத்திச்சுட்டி முதல் ஜிமிக்கி வரை எல்லாம் உள்ளே வந்துவிடும். பின்னணி மங்க வேண்டுமென்றால் அவரைச் சுவரிலிருந்து ஐந்தடி முன்னால் கொண்டுவாருங்கள்.

முதல் நாள் சாயங்காலம்

ரிசப்ஷன் கூட்டம் சேர்வதற்கு முன்பே போய் மணமகள் அறையைப் பாருங்கள். ஜன்னல் எந்தப் பக்கம், திறக்க வருமா, வெளியே என்ன இருக்கிறது. பல மண்டபங்களில் ஜன்னலைத் திறந்தால் ஜெனரேட்டரும் சமையல்கட்டுப் புகையும்தான். சுவர் என்ன நிறம்? ரோஸ் டிஸ்டெம்பர் அடித்த சுவர் என்றால் அதில் மோதி வரும் ஃப்ளாஷ் வெளிச்சமும் ரோஸாகத்தான் வரும். பச்சைச் சுவர் அதைவிட மோசம்: தங்க நகை கண்ணாடி மாதிரி அறையைத் திருப்பிக் காட்டும், நகையே பித்தளை நிறம் அடிக்கும். அறை சரிப்படாது என்றால் வராந்தா, மாடிப்படித் திருப்பம், மரக்கதவு ஏதாவது ஒன்றைக் குறித்துக்கொண்டு மண்டப மேனேஜரிடம் சொல்லிவிடுங்கள்.

பியூட்டீஷியனிடம் "எத்தனை மணிக்கு ரெடியாவாங்க?" என்று கேளுங்கள். அவர் சொல்வதோடு அரை மணி நேரத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் பெண் வீட்டில் சொல்வாக்கு உள்ள ஒரு சித்தியையோ அத்தையையோ கண்டுபிடித்துப் பேசிவையுங்கள். "அத்தை, காலையில பத்து நிமிஷம் ரூமை மட்டும் எனக்கு வாங்கிக் குடுங்க" என்றால் போதும். நாம் கத்தினாலும் போகாத கூட்டம், அவர் ஒரு பார்வை பார்த்தால் கலைந்துவிடும்.

பெண்ணிடமும் இரண்டு நிமிடம் பேச வேண்டும். நான் தவறாமல் கேட்கும் கேள்வி: "மூக்குத்தி எந்தப் பக்கம், சிஸ்டர்?" வலப்பக்கம் குத்துபவர்களும் இடப்பக்கம் குத்துபவர்களும் இருக்கிறார்கள், இரண்டு பக்கமும் உண்டு. வெளிச்சத்தை மூக்குத்திப் பக்கத்திலிருந்து கொடுத்தால் கல் மின்னும், எதிர்ப்பக்கத்திலிருந்து கொடுத்தால் மூக்கின் நிழலில் அது கறுப்புப் புள்ளியாகிவிடும். நாளைக்கு லைட் ஸ்டாண்ட் எந்த மூலையில் நிற்கும் என்பது இந்த ஒரு பதிலில் முடிவாகிவிடுகிறது. கூடவே, தன் பழைய படங்களில் எது பிடிக்கும் என்று கேட்டால் அவரே கைபேசியை எடுத்துக் காட்டுவார். எந்தப் பக்க முகம் பிடிக்கும் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

விடியற்காலை: ஜன்னல் இருட்டாகத்தான் இருக்கும்

ஜன்னல் வெளிச்சம்தான் போர்ட்ரெய்ட்டுக்குச் சிறந்தது என்று எல்லா வீடியோவிலும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் முகூர்த்தம் ஆறிலிருந்து ஏழரை என்றால் பெண் ஐந்து மணிக்கே தயாராகிவிடுவார். மதுரையில் சூரியன் உதிப்பது வைகாசியில் ஆறு மணியை ஒட்டி. தை மாதத்தில் ஆறரை ஆகிவிடும். ஐந்து மணிக்கு ஜன்னலில் தெரிவது நம் முகம்தான். ஆகவே ஜன்னலை நாமே செய்துகொள்ள வேண்டும்.

நான் செய்வது இது. பெண் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு அசிஸ்டென்டை உட்கார வைப்பேன். மூக்குத்திப் பக்கத்தில், முகத்துக்கு நேர்முன்னும் இல்லாமல் நேர்பக்கமும் இல்லாமல் இடைப்பட்ட கோணத்தில், இரண்டு தெர்மாகோல் ஷீட்டையும் சேர்த்து செல்லோடேப் ஒட்டி பீரோவில் சாய்த்துவிடுவேன். ஃப்ளாஷைப் பெண்ணை நோக்கி வைக்காமல் தெர்மாகோலை நோக்கித் திருப்ப வேண்டும். சின்ன விளக்கிலிருந்து வந்த வெளிச்சம் மூன்றடி உயர வெள்ளைப் பரப்பிலிருந்து திரும்பி வருவதால் நிழலின் ஓரம் மெத்தென்று ஆகிவிடும். எதிர்ப்பக்கம் இன்னொரு நாற்காலியின் முதுகில் வேட்டியைத் தொங்கவிட்டால் நிழல் பக்கக் கன்னம் முழுக்க இருட்டாகாது. செலவு நூறு இருநூறு ரூபாய்க்குள்.

கேமராவை மேனுவலில் ஷட்டர் 1/125, எஃப் 4, ஐஎஸ்ஓ (சென்சாரின் வெளிச்ச உணர்திறன்) 400 என்று வைத்து, ஃப்ளாஷையும் மேனுவலில் 1/8 பவரில் தொடங்கி ஏற்றி இறக்கிப் பாருங்கள். அசிஸ்டென்ட் முகத்தில் சரியாக வந்ததும் நாற்காலிக் கால் இருந்த இடத்தில் தரையில் டேப் ஒட்டிவிடுங்கள். இந்த டேப்பை யாரும் செய்வதில்லை, ஆனால் இதுதான் காப்பாற்றும். வெளிச்ச மூலத்திலிருந்து தூரம் இரட்டிப்பானால் வெளிச்சம் ஏறக்குறைய கால் பங்காகிவிடும். பெண் ஓரடி தள்ளி நின்றாலே கணக்கு கெட்டுவிடும்.

படம் எடுக்கும் நேரம் மட்டும் ட்யூப் லைட்டை அணைக்க முடியுமா என்று பியூட்டீஷியனிடம் கேளுங்கள். ட்யூப் லைட் ஒரு நிறம், ஃப்ளாஷ் ஒரு நிறம், அலங்காரத்துக்குப் போட்ட மஞ்சள் பல்பு இன்னொரு நிறம். மூன்றும் முகத்தில் கலந்தால் எடிட்டிங்கில் எந்தச் சாமியாலும் பிரிக்க முடியாது. வீடியோ அண்ணன் தன் எல்ஈடி லைட்டை அணைக்க மாட்டார், அவருக்கும் அவர் வேலை இருக்கிறது. "அண்ணே, நான் நாலு எடுத்துடறேன், அப்புறம் உங்களுக்கு" என்று முறை பேசிக்கொள்ளுங்கள். சண்டை போட்டால் அன்று முழுக்க உங்கள் ஃபிரேமுக்குள் அவர் தலை வரும்.

ஃப்ளாஷே இல்லை, ட்யூப் லைட்டில்தான் எடுக்க வேண்டும் என்றால் ஷட்டரை 1/100 அல்லது 1/50-இல் வையுங்கள். நம் கரன்ட் 50 ஹெர்ட்ஸ். பழைய ட்யூப் லைட்டுகளும் மலிவான எல்ஈடிகளும் நொடிக்கு 100 தடவை மின்னும். 1/500 என்று வைத்தால் ஒரு படம் மஞ்சளாகவும் அடுத்தது கறுப்புப் பட்டையோடும் வரும். விளக்குக்கு நேர் கீழே மட்டும் நிறுத்தாதீர்கள், கண் குழி விழும்.

இன்னொன்று: ராத்திரி முழுக்க ஏசி அறையில் இருந்த கேமராவை வெளியே எடுத்ததும் லென்ஸில் பனி படியும். வெளியே எடுக்க இருபது நிமிடம் முன்பே பையோடு வராந்தாவில் வைத்துவிடுங்கள்.

அந்தப் பதினைந்து நிமிடம்

முதலில் முழு உருவம். கொசுவம் மடிப்பு கலையாமல் இருப்பது அப்போதுதான். உட்கார்ந்து எழுந்தால் போச்சு. அப்புறம் இடுப்பு வரை, அப்புறம் முகம், அப்புறம் ஜடை, கடைசியில் கை. மாலை போடுவதற்கு முன்பே எல்லாம் முடிய வேண்டும், ஏனென்றால் மாலை விழுந்தால் அட்டிகையும் காசு மாலையும் மறைந்துவிடும். ஹோமப் புகைக்குப் பிறகு கண்ணும் சிவந்துவிடும்.

ஷட்டரை அமுக்குவதற்கு முன் மேலிருந்து கீழே ஒரு பார்வை. நெத்திச்சுட்டி வகிட்டின் நேரே இருக்கிறதா? இது எப்போதும் நகரும், எப்போதும். சூரியப்பிறை சந்திரப்பிறை இடம் மாறாமல் இருக்கிறதா? மாட்டல் காதுக்குப் பின்னால் முறுக்கியிருக்கிறதா? ஒட்டியாணம் ஒரு பக்கம் இறங்கியிருக்கிறதா? தோளில் சேஃப்டி பின் தெரிகிறதா? மணிக்கட்டில் ரப்பர் பேண்ட் மாட்டியிருக்கிறதா? சரிசெய்ய வேண்டியதை நீங்கள் தொட வேண்டாம். பியூட்டீஷியனையோ பெண்ணின் தங்கையையோ செய்யச் சொல்லுங்கள். அறைக்குள் நுழையும்போதும் கதவைத் தட்டி, உள்ளிருந்து குரல் வந்த பிறகு போங்கள்.

நிற்பதில் பெரிய வித்தை எதுவும் வேண்டாம். எடை பின்காலில், முன்கால் முட்டி லேசாக மடங்கி, தோள் கேமராவுக்குக் கொஞ்சம் சாய்வாக. தாடையை லேசாக முன்னால் தள்ளி ஒரு விரற்கடை கீழே. "நிமிர்ந்து நில்லுங்க" என்றால் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ராணுவத்தில் நிற்பது போல் நிற்கிறார்கள். "ஒட்டியாணத்தை மேலே தூக்கற மாதிரி நில்லுங்க" என்று சொல்லிப் பாருங்கள், முதுகு தானே நேராகும். முழு உருவத்துக்குக் கேமரா இடுப்பு உயரத்தில் இருக்கட்டும். முகத்துக்குக் கண் உயரத்தில்.

சிரிக்கச் சொல்லாதீர்கள். மூன்று மணியிலிருந்து முழித்திருக்கும் பெண், தலையில் ஒரு கிலோ பூவும் நகையும், வயிற்றில் காபி மட்டும். "சிஸ்டர், கண்ணை மூடிட்டு ஒரு மூச்சு விடுங்க. நான் சொல்றப்ப திறங்க" என்பேன். திறந்த முதல் நொடியில் இருக்கும் முகம் வேறு. அல்லது அந்த அத்தையைக் கேமராவுக்குப் பின்னால் நிறுத்தி, பெண்ணின் சின்ன வயதுக் குறும்பு ஒன்றைச் சொல்ல வையுங்கள். "அத்தை, சும்மா இருங்களேன்!" என்று அவர் திரும்பும் பார்வைதான் ஆல்பத்தின் முதல் பக்கத்துக்கு வரும்.

ஜடைப் படத்துக்கு அவரைச் சுவர் பக்கம் திருப்பி நிறுத்தி, முகத்தை மட்டும் தோளுக்கு மேல் வெளிச்சத்தின் பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். வெளிச்சம் ஜடையின் மேல் பக்கவாட்டில் உரசிப் போக வேண்டும். நேரே அடித்தால் ஜடைபில்லையும் பூவும் ஒரே தட்டையாகிவிடும். எஃப் 5.6 வைத்து ஃபோகஸை ராக்கொடியில் போடுங்கள். கைகளை முன்பக்கமாக, உள்ளங்கை தெரிய அகல விரித்தால் மருதாணி தெரியும், கை மட்டும் பெரிதாக இருக்கும். சுண்டுவிரல் பக்கம் கேமராவைப் பார்க்கட்டும். புடவையில் கோர்வை தெரியும் இடமொன்று, உடலுக்கும் கரைக்கும் தனித்தனி ஊடு நூல் ஓட்டி நெய்யும்போதே கோத்த அந்தப் பல் வரிசை, ஒரு நெருக்கமான படம் எடுத்துவையுங்கள். பெண்ணின் அம்மாவுக்கு அது பிடிக்கும். புடவை எடுக்க நாலு கடை ஏறி இறங்கியது அவர்தான்.

சிவப்புப் புடவை, மாநிறம்

கேமராவின் மீட்டர் பார்ப்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். வெள்ளைச் சுவர் முன்னால் கறுப்பான பெண்ணை நிறுத்தினால் முகம் இருண்டுபோகும். கருநீலத் திரைக்கு முன்னால் நிறுத்தினால் வெளுத்துவிடும். முகத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரில் வைத்துப் பழகுங்கள். ஃபிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் லேப்களுக்கு நிறம் சரிபார்க்க அனுப்பிய ஷெர்லி கார்டில் பல ஆண்டுகள் வெள்ளைக்காரப் பெண்தான் இருந்தார். நம் தோல் நிறம் எந்தக் கணக்கிலும் இல்லை. இப்போது கேமரா மாறிவிட்டது, ஆனால் "கொஞ்சம் கலரா வர மாதிரி எடுங்க" என்று சொல்லும் உறவினர்கள் மாறவில்லை. தலையாட்டிவிட்டு சரியான எக்ஸ்போஷரில் எடுங்கள். மாநிறத்தில் பக்கவாட்டு வெளிச்சம் பட்டால் கன்னத்தில் வரும் பளபளப்பு வெளுப்பாக்கிய முகத்தில் வரவே வராது.

அரக்குச் சிவப்பு இன்னொரு சிக்கல். மஞ்சள் விளக்கில் எடுக்கும்போது சாதாரண ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடம்) எல்லாம் சரி என்று காட்டும். ஆனால் சிவப்புச் சானல் மட்டும் முட்டி வழிந்திருக்கும். பிறகு பார்த்தால் மடிப்பே தெரியாத சிவப்புப் பெயின்ட் டப்பா. கேமரா மெனுவில் மூன்று நிற ஹிஸ்டோகிராமை ஆன் செய்துகொண்டு, சிவப்பு வலது ஓரத்தில் முட்டினால் எக்ஸ்போஷரைக் கால் ஸ்டாப் அரை ஸ்டாப் குறையுங்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்). ஜரிகையில் அங்கங்கே வெள்ளைப் பொறி விழுந்தால் கவலை வேண்டாம், ஜரிகை என்றால் மின்னத்தான் செய்யும். எல்லாம் ரா ஃபைலில், அதாவது கேமரா நிறத்தைப் பதப்படுத்தாத ஃபைலில் எடுங்கள். ஜேபெக் மட்டும் எடுத்துவிட்டு நிறத்தைச் சரிசெய்ய உட்காருவது, வடித்த சோற்றை மறுபடி அரிசியாக்கப் பார்ப்பது.

தாலி ஏறிய பிறகு

எனக்குப் பிடித்த நேரம் இதுதான். ஒன்பதரை மணி வாக்கில் எல்லோரும் பந்திக்குப் போயிருப்பார்கள். பெண் ஐந்து நிமிடம் அறைக்கு வந்து உட்காருவார். இப்போது ஜன்னலில் நிஜ வெளிச்சம். கழுத்தில் புதுத் தாலி, வகிட்டில் குங்குமம், மேக்கப் பாதி கலைந்திருக்கும். முகத்தில் பயம் போயிருக்கும். ஜன்னலுக்கு இரண்டடி தள்ளி உட்கார வைத்து, ஃப்ளாஷை அணைத்துவிட்டு எஃப் 2.8-இல் நாலே நாலு படம். காலையில் எடுத்த நாற்பதைவிட இந்த நாலில் ஒன்றைத்தான் பெரும்பாலும் பெரிதாக பிரிண்ட் போடச் சொல்வார்கள். சாப்பிடாத பெண்ணை இதற்கு மேல் நிறுத்திவைக்காதீர்கள்.

எடிட்டிங்: முகம் அவருடையதாகவே இருக்க

வீட்டுக்கு வந்ததும் இரண்டு இடத்தில் காப்பி. அன்றைக்கே எடிட் செய்ய உட்காராதீர்கள். தூக்கம் கெட்ட கண்ணுக்கு எல்லா நிறமும் சரியாகத் தெரியும். எடிட்டிங் சாஃப்ட்வேர் லைட்ரூம் இருந்தால் லைட்ரூம், காசு கொடுக்க முடியாதென்றால் டார்க்டேபிள் இலவசம், வரிசை ஒன்றுதான்.

முதலில் கழிப்பது. கண் மூடியது, ஃபோகஸ் தவறியது, ஒரே மாதிரி மூன்று. நூறு படத்தில் பதினைந்து நின்றால் நல்ல நாள்.

அடுத்து ஒயிட் பேலன்ஸ், அதாவது வெள்ளை வெள்ளையாகத் தெரியும்படி நிறத்தைச் சரிசெய்வது. இதற்கு வேட்டியின் வெள்ளையை நம்ப வேண்டாம், துவைக்கும்போது போட்ட நீலம் அதில் இருக்கும். ஒரு கிரே கார்டை (நிறம் கலக்காத சாம்பல் அட்டை) முதல் ஃபிரேமில் பெண் கையில் கொடுத்து எடுத்திருந்தால் ஒரே கிளிக். இங்கே கற்றுக்கொள்பவர்கள் அடிக்கடி செய்யும் தவறு: முகம் மஞ்சளடிக்கிறது என்று நீலத்தை ஏற்றிக்கொண்டே போவது. நலங்கு வைத்த பெண்ணின் முகத்திலும் கையிலும் நிஜமாகவே மஞ்சள் இருக்கும். கண்ணின் வெள்ளையைப் பாருங்கள். அது சரியாக இருந்தால் மஞ்சள் மஞ்சளாகவே இருக்கட்டும்.

அப்புறம் சிவப்பு. நிறங்களைத் தனித்தனியாக மாற்றும் பேனலில் சிவப்பைக் குறைத்தால் புடவையோடு உதடும் குங்குமமும் வெளிறும். ஆரஞ்சைத் தொட்டால் தோல் மாறும், மஞ்சளைத் தொட்டால் ஜரிகையும் நகையும் பூவும் சேர்ந்து ஆடும். ஆகவே புடவைக்குத் தனி மாஸ்க் போட்டு (அந்தப் பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து), அதற்குள் மட்டும் சிவப்பின் செறிவை 10 அல்லது 15 குறைத்து, ஹைலைட்டை இறக்குங்கள். மடிப்புகள் ஒவ்வொன்றாக எழுந்து வருவதைப் பார்க்கலாம். முடிந்தால் கல்யாணத்தன்றே ரவிக்கைத் துணியின் மிச்சத்தில் ஒரு துண்டு கேட்டு வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். மானிட்டர் பக்கத்தில் பகல் வெளிச்சத்தில் அதை வைத்துப் பார்த்தால் சந்தேகமே இல்லை.

இப்போது தோல், என் அவமானக் கதை. முதன்முதலாகத் தனியாக எடுத்த கல்யாணம். இரவு இரண்டு மணிக்கு ஹீலிங் பிரஷ்ஷை எடுத்து பரு, கீறல், வியர்வைப் புள்ளி என்று ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே போனேன். தாடையோரம் ஒரு கறுப்புப் புள்ளி. அதையும் அழித்தேன், முப்பது படத்திலும். படம் போய்ச் சேர்ந்த அன்று பெண்ணின் அம்மா போன் செய்தார். "தம்பி, படமெல்லாம் நல்லாருக்கு. எங்க மாமியார் வச்ச திருஷ்டிப் பொட்டு எங்கப்பா போச்சு?" அந்தப் பாட்டி விடியற்காலையில் கை நடுங்க மையைத் தொட்டு வைத்தது அது. முப்பதையும் திரும்ப எடிட் செய்தேன்.

அதிலிருந்து எனக்கு ஒரு கணக்கு: இரண்டு வாரத்தில் தானாக மறையப் போவதை மட்டும் அழிக்கலாம். பரு, கொசுக்கடி, கலைந்த மை, ரவிக்கை அழுத்திய தடம். மச்சம், தழும்பு, கன்னக்குழி, கண்ணுக்குக் கீழ் உள்ள கோடு இவையெல்லாம் அவருடையவை. கண்ணுக்குக் கீழ் கறுப்பு அதிகமென்றால் பாதி குறைக்கலாம், முழுக்க எடுத்தால் முகம் பொம்மையாகும். திருஷ்டிப் பொட்டு பற்றிச் சொல்லவே வேண்டாம்.

தோலை மென்மையாக்க லைட்ரூமின் டெக்ஸ்சர் ஸ்லைடரைத் தோல் மாஸ்க்குக்குள் மட்டும் 10, 15 குறைப்பதோடு நிறுத்துங்கள். முழுப் படத்துக்கும் குறைத்தால் ஜரிகையும் புருவமும் மொழுக்கென்று போகும். இதைவிட நல்ல வழி, கொஞ்சம் பொறுமை வேண்டும்: வெளிச்சத்தை மட்டும் அங்கங்கே ஏற்றி இறக்குவது. ஒரு மெல்லிய பிரஷ்ஷில் எக்ஸ்போஷரை 0.2 ஏற்றி நெற்றி நடு, மூக்குத்தண்டு, கன்னத்தின் மேடு, 0.2 இறக்கித் தாடையோரம், கழுத்து. கண்மணியில் இன்னும் கொஞ்சம் ஏற்றலாம். நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி வேலை செய்யுங்கள். ஆனால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் முழுப் படத்தையும் சின்னதாக்கிப் பாருங்கள். பெரிதாக்கியே உட்கார்ந்தால் எல்லாம் குறையாகத்தான் தெரியும்.

முகம் கழுத்தைவிட இரண்டு படி வெளுத்திருந்தால் அது மேக்கப்பின் வேலை. கழுத்தையும் வெளுக்காதீர்கள், முகத்தைக் கால் ஸ்டாப் இறக்கிக் கழுத்தோடு சேர்த்துவிடுங்கள். பின்னணியில் ஸ்விட்ச் போர்டு, பிளாஸ்டிக் நாற்காலிக் கை, ஏசி ரிமோட் இவற்றை அழிக்கலாம், யாரும் போன் செய்து கேட்க மாட்டார்கள்.

எடிட் முடித்த படத்தையும் பழைய படத்தையும் பக்கத்தில் வைத்து, வீட்டில் ஒருவரிடம் காட்டி "என்ன மாத்தியிருக்கேன் சொல்லுங்க" என்று கேளுங்கள். "ஏதோ நல்லாருக்கு, என்னன்னு தெரியலை" என்றால் சரி. "மூஞ்சியை என்னமோ பண்ணியிருக்கே" என்றால் பாதிக்குக் குறைத்துவிடுங்கள்.

கொடுப்பது

ஆல்பம் 12-க்கு 36 அங்குல விரிப்பு என்றால் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்கில் 10,800-க்கு 3,600 பிக்சல். 24 மெகாபிக்சல் கேமராப் படத்தின் அகலம் 6,000 பிக்சல்தான், ஆகவே விரிப்பு முழுக்க ஒரே படத்தை இழுத்தால் அங்குலத்துக்கு 167-தான் வரும். மடியில் வைத்துப் பார்க்கும் தூரத்துக்கு அது போதும், ஆனால் ஏற்கெனவே மங்கலான படத்தை அப்படி இழுக்காதீர்கள். ஆல்பத்தின் நடு மடிப்பில் முகம் விழாமல் பாருங்கள். எஸ்ஆர்ஜிபி நிற அமைப்பில் ஜேபெக்காக ஏற்றுமதி செய்து, முதலில் ஒரே ஒரு சிவப்புப் புடவைப் படத்தை லேபில் சின்ன பிரிண்ட் போட்டுப் பார்த்துவிடுங்கள். மானிட்டர் வெளிச்சத்தை முழுக்க ஏற்றி எடிட் செய்பவர்களுக்கு பிரிண்ட் எப்போதும் இருட்டாகத்தான் வரும்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தைச் சுருக்கிவிடும்; டாக்குமென்டாக அனுப்புங்கள். உங்கள் இன்ஸ்டாகிராமில் போடுவதற்கு முன் பெண்ணிடம் நேரடியாகக் கேளுங்கள், மாப்பிள்ளையிடமோ அப்பாவிடமோ அல்ல. வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அப்புறம், ஆல்பம் அவர்கள் கைக்குப் போய், பாட்டி வரை எல்லோரும் புரட்டிப் பார்த்துவிட்டார்கள் என்று தெரியும் வரை அந்த மெமரி கார்டுகளை ஃபார்மேட் செய்யாதீர்கள். ஒரு கவரில் போட்டு மேலே தேதி எழுதி வைத்துவிடுங்கள்.